தமிழ் மீடியம் பொண்ணு, பிளஸ் ஒன் கணக்கு, யூடியூப்: நடக்குமா?

ஜூன் 11 – கேரளத்துல, தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கற வேலந்தாவளத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது

பொண்ணு எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் தமிழ் மீடியம். நல்ல மார்க். இப்ப சித்தூர் பக்கம் பிளஸ் ஒன் சயன்ஸ், எல்லாமே இங்கிலீஷ். கணக்கு டியூஷனுக்கு பாலக்காடு போயிட்டு வந்தா ராத்திரி பஸ் கிடைக்காது. "யூடியூப்ல எல்லாம் இருக்குப்பா, அல்ஜீப்ரா, கால்குலஸ் எல்லாம் அதுலயே படிச்சுக்கறேன்"ங்கறா. நான் கம்பி வேலி போடறவன், எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நடக்குமா? எந்த மொழி வீடியோ பாக்கச் சொல்றது?

ஜூன் 11, மதியம்

நடக்குங்க. ஆனா பாத்துட்டே இருந்தா நடக்காது.

நான் கொழிஞ்சாம்பாறையில வீட்டுத் திண்ணையில டியூஷன் எடுக்கறவ. காலேஜ்ல படிச்ச கணக்கு கல்யாணத்தோட போச்சு. பல வருஷம் கழிச்சு, என்கிட்ட படிச்ச பிள்ளைங்க பிளஸ் ஒன்னுக்குப் போய் "டீச்சர், இது என்ன"ன்னு வந்து நின்னப்ப, நானே வீடியோ போட்டுத்தான் வகைநுண்கணிதத்தை (டிஃபரன்ஷியல் கால்குலஸ்) மறுபடி படிச்சேன். அதனால வீடியோவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

மொத வேலை, கால்குலஸ் வீடியோ எதையும் இப்ப திறக்க வேண்டாம். பிளஸ் ஒன்னுக்கு நம்ம ஊர்ல என்.சி.இ.ஆர்.டி. (மத்திய அரசு அமைப்பு) போடற புத்தகம். 14 பாடம். கால்குலஸ் தொடங்கற லிமிட்ஸும் டெரிவேட்டிவ்ஸும் 12-வதுதான். அதுவரைக்கும் நேரம் கிடக்கு. இப்போதைக்கு எட்டாவது, ஒம்பதாவது இயற்கணிதம். பத்துல நல்ல மார்க் வாங்கின பிள்ளைகிட்ட இதைச் சொன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கும். வெச்சுக்கட்டும்.

மொழி பத்தி தனியா எழுதறேன்.

ஜூன் 11, ராத்திரி

"எட்டாவதுக்கு எதுக்குப் போகணும்"னு கேக்கறவங்களுக்கு ஒரு நோட்டைக் காட்டறேன். பையன் பேர் வேண்டாம்.

கணக்கு: 1/எக்ஸ், இதுக்கு முதல் கொள்கைப்படி வகைக்கெழு (டெரிவேட்டிவ்). பையன் அந்தப் பாடத்துக்கு வீடியோ பாத்துட்டுத்தான் வந்திருந்தான். மொத வரி அச்சு மாதிரி சரி. லிமிட், ஹெச் பூஜ்யத்தை நெருங்குது, மேல 1/(எக்ஸ்+ஹெச்) − 1/எக்ஸ், கீழ ஹெச். ரெண்டாவது வரியில 1/(எக்ஸ்+ஹெச்)-ஐ 1/எக்ஸ் + 1/ஹெச்னு பிரிச்சுட்டான். 1/எக்ஸ் ரெண்டும் அடிபட்டுப் போச்சு. மிச்சம் 1/ஹெச். கீழ இருக்கற ஹெச்சையும் சேத்தா 1/ஹெச்². ஹெச் பூஜ்யமானா இன்ஃபினிட்டி. கட்டம் கட்டி, அடியில ரெண்டு கோடு வேற.

நான் லிமிட் பத்தி வாயே திறக்கலை. "ரெண்டும் ரெண்டும் நாலு. ஒண்ணை நாலால வகு." கால். "இப்ப அரையும் அரையும் கூட்டு." ஒண்ணு. "ரெண்டும் ஒண்ணா?" ரப்பரைத் தேட ஆரம்பிச்சுட்டான்.

சரியாப் போட்டா, பொதுப் பகுதி எடுத்ததும் மேல −ஹெச் மட்டும் நிக்கும். கீழ எக்ஸ்(எக்ஸ்+ஹெச்). வகுக்க வேண்டிய ஹெச் அதோட அடிபட்டுரும். அப்புறம்தான் ஹெச்சைப் பூஜ்யமாக்கணும்: −1/எக்ஸ்². இந்தக் கணக்குல கால்குலஸ்னு சொல்றது மொத வரியும் கடைசி வரியும். நடுவுல இருக்கறது முழுக்க எட்டாவது பின்னம். வீடியோல வர்ற சார் அந்த நடுவைத்தான் "சிம்ப்ளிஃபை பண்ணா இது வரும்"னு ஒரே மூச்சுல தாண்டிருவார். அவர் மேல தப்பில்ல, அவர் எடுக்க வந்தது லிமிட்.

ஜூன் 13

மூணாறு வாசகருக்கு: ஆமாங்க, கூட்டி வர்க்கம் எடுக்கறதையும் வர்க்கம் எடுத்துக் கூட்டறதையும் ஒண்ணாக்கற தப்பும் அதே சாதிதான். 3+4 = 7, வர்க்கம் 49. 9+16 = 25. எழுத்தைப் பாத்து சந்தேகம் வந்தா நம்பர் போட்டுப் பாருன்னு பழக்கிட்டா பாதித் தப்பை அவங்களே பிடிச்சுக்குவாங்க.

ஜூன் 16

எப்படிப் பாக்கணும்? கட்டில்ல படுத்துக்கிட்டு, காதுல இயர்போன், நோட்டு அடுத்த ரூம்ல. இப்படிப் பாக்கற எதுக்கும் நான் படிப்புன்னு பேர் வைக்க மாட்டேன்.

என் முறை இது. சார் கணக்கை எழுதி முடிச்சதும் நிறுத்து. போனைக் குப்புறக் கவுத்து வை. மொத வரியை நீ எழுது. எழுத வரலைன்னாலும் ஏதாவது எழுது, தப்பா இருந்தாலும் சரி. அப்புறம் போனைத் திருப்பி அவர் மொத வரியை மட்டும் பாரு. மறுபடி கவுத்து. பத்து நிமிஷ வீடியோ முக்கால் மணி நேரம் இழுக்கும். இழுக்கணும். மறுநாள் காலையில அதே கணக்கை வீடியோ இல்லாம வெள்ளைத்தாள்ல போடணும். அங்க நின்னுபோற இடம் எதுவோ, அந்த இடத்துக்கு மட்டும் வீடியோவைத் தேடிப் போ. எத்தனாவது நிமிஷம்னு நோட்டு ஓரத்துல குறிச்சு வெச்சிருந்தா தேட வேண்டியதில்ல.

கான் அகாடமிங்கற இலவச வீடியோப் பாடத் தளத்தைத் தொடங்கின சல்மான் கான் (நடிகர் சல்மான் கான் இல்லீங்க) 2004-ல தூரத்துல இருந்த உறவுக்காரப் பொண்ணுக்குப் போன்ல கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சவர். 2006-ல யூடியூப்ல போட்டார். நேர்ல சொல்றதைவிட வீடியோதான் பிடிச்சிருக்குன்னு அந்த உறவுப் பிள்ளைங்க சொன்னதா அவரே மேடையில சொல்லியிருக்கார். ஏன்னா நிறுத்தலாம், திருப்பிப் போடலாம், "இன்னும் புரியலை"ன்னு யார் முகத்தையும் பாத்துச் சொல்ல வேண்டாம். என் திண்ணையில இருக்கற கூச்சக்காரப் பிள்ளைங்களை நினைச்சா அது எவ்வளவு உண்மைன்னு எனக்குத் தெரியுது. வீடியோவோட மொத்தப் பலமும் அந்த நிறுத்தற பொத்தான்லதான். அதை அமுக்காம பாக்கறதா இருந்தா கிளாஸ்லயே உக்காந்துக்கலாம்.

ஜூன் 20

மொழி.

நம்ம பிள்ளைங்க நிலைமை உலகத்துல யாருக்கும் கிடையாது. யோசிக்கறது தமிழ், பஸ்லயும் கடையிலயும் மலையாளம், பிளஸ் ஒன் புத்தகம் இங்கிலீஷ். 2020 ஜூன் 1 அன்னைக்கு, கொரோனாவுல பள்ளிக்கூடம் பூட்டியிருந்தப்ப, கேரள அரசோட விக்டர்ஸ் சேனல்ல ஃபர்ஸ்ட் பெல்ங்கற வீடியோ வகுப்பு தொடங்குனப்ப மலையாளத்துலதான் தொடங்குனாங்க, அப்புறம் தமிழ், கன்னட மீடியத்துக்கும் வகுப்பு எடுத்துப் போட்டாங்க. அதெல்லாம் இன்னும் இணையத்துல கிடக்கு. பத்து வரைக்கும் உள்ள இயற்கணிதத்துக்கு அதைத் தாராளமாப் பாக்கலாம். சத்தம் போடாத, நிதானமான வகுப்புங்க.

பிளஸ் ஒன்னுக்கு என் திட்டம் வேற. எல்லைக்கு அந்தப் பக்கம், கோபாலபுரம் தாண்டினா, தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகம் தமிழ்ல ரெண்டு தொகுதியா இருக்கு, இலவசமா இறக்கிக்கலாம். ரெண்டாம் தொகுதியில எல்லையும் (லிமிட்) தொடர்ச்சியும் ஒரு பாடம், வகையிடல் (டெரிவேட்டிவ் எடுக்கறது) அடுத்த பாடம். ஒரு விஷயத்தை மொதல்ல தமிழ்ல அந்தப் புத்தகத்துல படி. தமிழ் வீடியோ ஒண்ணு பாரு, கல்வித் தொலைக்காட்சியா இருந்தாலும் சரி. அப்புறம் அதே விஷயத்துக்கு இங்கிலீஷ் வீடியோ. கடைசியா என்.சி.இ.ஆர்.டி. பயிற்சிக் கணக்கு. இந்த வரிசை மாறக்கூடாது, பரீட்சை கடைசிப் புத்தகத்துலதான்.

ஒரு எச்சரிக்கை: ரெண்டு புத்தகமும் ஒரே ஓட்டத்துல போகாது. தொகைநுண்கணிதம் (இன்டக்ரேஷன்) தமிழ்நாட்டுல பதினொண்ணுலயே வந்துரும், என்.சி.இ.ஆர்.டி.யில பன்னண்டுலதான். அந்தப் பாடத்தைப் பாத்துட்டு "எங்க சார் இதை நடத்தவே இல்ல"ன்னு பிள்ளை அழுதா பயப்படாதீங்க.

ஜூன் 20, சாயங்காலம்

பொள்ளாச்சி அண்ணா "எங்க புத்தகத்தை எதுக்குங்க எடுக்கறீங்க"ன்னு கேட்டிருக்கார். ஆழியாத்துத் தண்ணிக்குத்தான் தமிழ்நாடு, கேரளம்னு ரெண்டு சர்க்காரும் கணக்குப் பாக்குது. பி.டி.எஃப்.-க்கும் டி.எம்.சி. அளவு வெச்சுராதீங்க.

ஜூன் 27

"எந்த சார் நல்லா எடுக்கறார்"ங்கற கேள்வி நின்னபாடில்ல. பேர் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு ஆராய்ச்சியைச் சொல்றேன், இதைப் படிச்சப்புறம் என் பார்வையே கொஞ்சம் மாறுச்சு. 2013-ல ஷானா கார்ப்பென்டர்னு ஒரு அம்மாவும் கூட்டாளிகளும், அமெரிக்காவுல அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்துல, ஒரே பாடத்தை ஒரே ஆளை வெச்சு ரெண்டு விதமாப் பேச வெச்சு வீடியோ எடுத்தாங்க. ஒண்ணுல கண்ணைப் பாத்து, தடங்கலே இல்லாம. இன்னொண்ணுல குறிப்பைப் பாத்துப் பாத்து, திக்கித் திணறி. சரளமான வீடியோவைப் பாத்தவங்க தங்களுக்கு நிறையத் தெரிஞ்சுருச்சுன்னு நம்புனாங்க. பரீட்சை வெச்சா ரெண்டு கூட்டத்துக்கும் பெருசா வித்தியாசமே இல்ல.

"அந்த சார் எடுத்தா வெண்ணெய் மாதிரி இறங்குதுக்கா"ன்னு பிள்ளைங்க சொல்றப்ப இப்பெல்லாம் எனக்கு வயித்தைக் கலக்குது. கணக்கு வெண்ணெய் மாதிரி இறங்குனா எங்கயோ இறங்காம இருக்குன்னு அர்த்தம்.

இன்னொண்ணு. எட்எக்ஸ்ங்கற இணையவழிப் படிப்புத் தளத்துல வீடியோ பாத்தவங்களை வெச்சு 2014-ல வந்த ஆய்வுல, ஆறு நிமிஷத்துக்குள்ள முடியற வீடியோவைத்தான் ஜனங்க விடாமப் பாத்தாங்கன்னும், தயாரா அடிச்ச ஸ்லைடைவிட எழுதிக்கிட்டே போற வீடியோ நல்லாப் பிடிச்சு வெச்சுதுன்னும் வந்துச்சு. அது எனக்கும் ஒத்து வருது. கை எழுதறதைப் பாக்கணும். அடுத்த வரி எங்கிருந்து பொறக்குதுன்னு அதுலதான் தெரியும்.

ஜூலை 5

வேலந்தாவளத்து அண்ணா எழுதியிருக்கார்: "நீங்க கால்குலஸைத் திறக்காதேன்னீங்க. ஃபிசிக்ஸ் மிஸ் ரெண்டாவது பாடத்துலயே டி-பை-டிடி (நேரத்தை வெச்சு வகையிடறது) போட்டுட்டாங்களாம்."

ஃபிசிக்ஸ் காத்திருக்காதுதான். நேர்கோட்டு இயக்கத்துலயே உடனடித் திசைவேகம் வந்துரும், கணக்கு சார் லிமிட்டுக்கு வர்றதுக்குள்ள கார்த்திகை முடிஞ்சுரும். இது ஒவ்வொரு வருஷமும் நடக்கற கூத்து. அதனால ஒரு விலக்கு: ஃபிசிக்ஸுக்கு வேணுங்கற அளவு மட்டும் இப்ப எடுத்துக்கலாம். அதுக்கும் வீடியோவுக்கு முந்தி ஒரு கால்குலேட்டர்.

கீழ விழற கல்லு, ஈர்ப்பை 10-ன்னு வெச்சுக்கிட்டா, தூரம் = 5 × நேரத்தோட வர்க்கம். ரெண்டாவது விநாடியில வேகம் என்ன? 2-லிருந்து 2.1 வரைக்கும் சராசரி: 20.5. 2-லிருந்து 2.01 வரைக்கும்: 20.05. 2.001 வரைக்கும்: 20.005. அடுத்தது என்னன்னு கேளுங்க, பொண்ணே சொல்லிரும். எங்க போய் முட்டுதுன்னு கேளுங்க, அதையும் சொல்லும். இருபது. லிமிட்டுன்னு ஒரு வார்த்தை பேசாம லிமிட் முடிஞ்சுது. இதைக் கையால போட்டப்புறம் அந்த இங்கிலீஷ் வீடியோவைப் போட்டுப் பாருங்க, சார் என்ன சொல்ல வர்றார்னு பிள்ளை முன்கூட்டியே சொல்லும்.

அப்புறம் அடுக்கு விதி (எக்ஸோட அடுக்கை வகையிடற விதி) ஒண்ணு மட்டும் மனப்பாடம். நிரூபணம் பின்னால வரட்டும்.

ஜூலை 9

ஒன் ஷாட் வீடியோ. முழுப் பாடமும் ஆறு மணி நேரத்துல, பின்னணியில இசை, நடுநடுவுல "கமெண்ட்ல ஃபயர் போடுங்க". பரீட்சைக்கு முந்தின நாள் திருப்பிப் பாக்க ஆகும். மொத தடவை படிக்க ஆகாது. ஒன்றரை வேகத்துல ஓட விடறதும் அப்படித்தான், ஏற்கனவே தெரிஞ்சதுக்கு மட்டும்.

ஜூலை 10

வீட்டுல ஒரே போன், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போயிடறார்ங்கற வீடுகளுக்கு: ராத்திரி வைஃபை கிடைக்கற இடத்துல ரெண்டு வீடியோ இறக்கி வெச்சுக்கங்க, போதும். ரெண்டுக்கு மேல ஒரு நாளைக்கு எந்தப் பிள்ளையும் போட்டுப் பாக்கப் போறதில்ல. போன் குறைவா கிடைக்கற பிள்ளைங்க நோட்டுல அதிகம் போடறாங்க. இதை நான் ஒரு கொள்கையாச் சொல்லலை, அவங்க அம்மாங்க அடிக்க வந்துருவாங்க.

ஜூலை 19

மொழி வரிசை மாறக்கூடாதுன்னு ஜூன்ல அடிச்சுச் சொன்னேன். அதுக்கப்புறம் ஒழலப்பதிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் தமிழ் வீடியோ ஒண்ணுகூடப் பாக்காம, முழுக்க மலையாள வீடியோ பாத்தே இருபடிச் சமன்பாட்டைக் கரைச்சுக் குடிச்சுட்டு வந்து நிக்கறான். கேட்டா, "கூட்டுக்காரங்ககிட்ட (சிநேகிதங்ககிட்ட) பேசறது மலையாளம்தானே டீச்சர், சந்தேகம் கேட்டாலும் அவங்ககிட்டத்தானே கேக்கணும்"ங்கறான்.

யோசிச்சா நியாயம். எந்த மொழியில சந்தேகம் கேக்க ஆள் இருக்கோ அந்த மொழி வீடியோ. தமிழ்ல பேச ஆள் இருந்தா தமிழ். கிளாஸ்மேட் பூரா மலையாளம்னா மலையாளம். வரிசையை அவங்கவங்க வீட்டைப் பாத்து வெச்சுக்கங்க. கடைசிப் படி இங்கிலீஷ் புத்தகம்ங்கறது மட்டும் மாறாது.

ஆகஸ்ட் 2

யாரோ பழைய பெருமையைக் கிளப்பி விட்டுட்டாங்க. கால்குலஸ் இங்கிலாந்துல கண்டுபிடிச்சதா, கேரளத்துல கண்டுபிடிச்சதான்னு நாப்பது பதிவு. சண்டை எனக்கு வேண்டாம். சங்கமகிராமத்து மாதவன் பதினாலாம் நூற்றாண்டு ஆள், சங்கமகிராமம்னா இரிஞ்ஞாலக்குடாப் பக்கம்னு பொதுவாச் சொல்றாங்க. முடிவில்லாத தொடர் வெச்சு வட்டத்தை அளந்தவர். நியூட்டனுக்கு ரொம்ப முந்தி. ஆனா நியூட்டன் மாதிரி எல்லாச் சார்புக்கும் (ஃபங்ஷன்) பொதுவான முறைன்னு ஒண்ணை அங்க காட்ட முடியாது. ரெண்டையும் சேத்துச் சொன்னா யாருக்கும் கோவம் வரக்கூடாது.

பெருமை பேசறவங்க பிள்ளைகிட்டக் கால்குலேட்டரைக் கொடுத்து இதைப் போடச் சொல்லுங்க: 4-லிருந்து 4/3 கழி, 4/5 கூட்டு, 4/7 கழி, 4/9 கூட்டு. 4, 2.667, 3.467, 2.895, 3.340. மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே பை-யை நோக்கி வரும். வரும், ஆனா ஆமை வேகம்.

ஆகஸ்ட் 3

"இப்படிப் போனா எப்ப 3.14 வர்றது"ன்னு கேட்ட தம்பிக்கு: மாதவன் பேர்ல வழங்கற ஒரு திருத்தம் இருக்கு. நாலு உறுப்போட நிறுத்தினா நாலுல ஒண்ணு கூட்டு: 2.895 + 0.25 = 3.145. அஞ்சு உறுப்போட நிறுத்தினா அஞ்சுல ஒண்ணு கழி: 3.340 − 0.2 = 3.140. அஞ்சே உறுப்புல ரெண்டு தசமம் சரி. நேத்து திண்ணையில இதைப் போட்டப்ப ஒரு பிள்ளை "ஆறுல நிறுத்தினா டீச்சர்?"னு கேட்டுது. பதில் சொல்லலை. அது வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பாக்கட்டும்னு விட்டுட்டேன்.

ஆகஸ்ட் 23

ஓணப் பரீட்சை முடிஞ்சுது. வேலந்தாவளத்து அண்ணா பொண்ணோட உக்காந்து இப்ப அவரும் வீடியோ பாக்கறாராம். "பெருமம் சிறுமம்னு ஒண்ணு வருது (அதிகபட்சம், குறைந்தபட்சம் கண்டுபிடிக்கறது), எங்க தொழிலுக்கு ஆகுமா?"ன்னு கேட்டார். ஆகும். அவருக்குன்னே ஒரு கணக்கு.

வாய்க்கால் ஓரமா ஒரு தோட்டம். வாய்க்கால் பக்கம் வேலி வேண்டாம். கையில 100 மீட்டர் நீளத்துக்கு வேலி. செவ்வகமா எப்படிப் போட்டா அதிக இடம் வளைக்கலாம்? அண்ணா உடனே சொன்னது: "மூணு பக்கமும் சமமா." அதாவது 33⅓ மீட்டர். பரப்பு 1111 சதுர மீட்டர் வரும்.

இப்ப எக்ஸ் போடுவோம். வாய்க்கால்ல வந்து முட்டற ரெண்டு பக்கமும் எக்ஸ். எதிர்ப்பக்கம் 100 − 2எக்ஸ். பரப்பு 100எக்ஸ் − 2எக்ஸ்². வகையிட்டா 100 − 4எக்ஸ். பூஜ்யமாக்கினா எக்ஸ் = 25, எதிர்ப்பக்கம் 50, பரப்பு 1250. வித்தியாசம் 139 சதுர மீட்டர். சென்ட்டுக்கு நாப்பது சதுர மீட்டர் சொச்சம்னா மூணு சென்ட்டுக்கு மேல, அதே வேலியில. நம்ம பக்கம் மூணு சென்ட் என்ன விலைன்னு அண்ணாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

அவரோட பதில்: "வாய்க்கால் வறண்டா அந்தப் பக்கமா ஆடு வருமே டீச்சர்." பாடப்புத்தகம் எழுதற யாருக்கும் இது தோணலை.

ஆகஸ்ட் 24

அதே கணக்கை வகையிடாமலும் போடலாம்னு ஒருத்தர் சொல்லியிருக்கார். போடலாம். 100எக்ஸ் − 2எக்ஸ்²-ஐ 1250 − 2(எக்ஸ் − 25)²-ன்னு வர்க்கப் பூர்த்தி பண்ணி எழுதினா, கழியற வர்க்கம் பூஜ்யமாகற இடம்தான் பெருமம். எக்ஸ் 25. பத்தாவது இயற்கணிதமே போதும். பொண்ணு ரெண்டு வழியிலயும் போட்டு ஒரே விடை வாங்கட்டும். ஒரு வழியில தப்பினா இன்னொண்ணு காட்டிக் கொடுத்துரும், அதுக்கு வீடியோவும் வேண்டாம், நானும் வேண்டாம்.

செப்டம்பர் 14

குமுளியில இருந்து பிளஸ் டூ படிக்கற தம்பி கேட்டது: தொகையிடலுக்கும் போனைக் கவுத்து வைக்கணுமா?

தொகையிடலுக்கு இன்னும் வசதி. வகையிடல்ல விதி தெரிஞ்சா கை தானா போகும், விடை சரியான்னுதான் பின்பக்கம் பாக்கணும். தொகையிடல்ல எந்தப் பக்கம் போறதுன்னே தெரியாது, பிரதியிடலா, பகுதி பகுதியாவா, பின்னமா உடைக்கறதான்னு முழிக்கணும். ஆனா விடை வந்துட்டா அதை வகையிட்டுப் பாத்தாலே போதும், பழைய கணக்கு திரும்பி வந்தா சரி. அதனால வீடியோல மொத ஒரு நிமிஷம் மட்டும் பாரு, சார் எந்த வழியை எடுக்கறார், ஏன் எடுக்கறார். அதோட நிறுத்தி மீதியை நீயே போடு. முடிச்சதும் வகையிட்டுச் சரிபாரு. வராத கணக்குக்கு மட்டும் வீடியோவை முழுக்க ஓட்டு.

தொகையிட்ட விடையோட கடைசியில கூட்ட வேண்டிய மாறிலி சி-யை விட்டுட்டு வந்து மார்க் போச்சுன்னு என்கிட்ட அழக்கூடாது.